நாளைக்கும் போகணும்னு தோணுற உடற்பயிற்சிய கண்டுபிடிக்கிறது எப்படி

எனக்கு 43 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு மில் ஆபீஸ்ல கணக்கு பாக்குற வேலை, காலைல ஒம்பது மணிக்கு சேர்ல உக்காந்தா மத்தியானம் டிபன் பாக்ஸ் தொறக்கத்தான் எந்திரிப்பேன். அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு சுகர், எனக்கு 38 வயசுல பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டு தினமும் ஏதாச்சும் பண்ணுங்கம்மான்னு அனுப்பி வெச்சாங்க. அந்த ஏதாச்சும் என்னன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு.

டாக்டர் சொன்ன அன்னைக்கே வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு ஜிம்ல ஒரு வருஷத்துக்கு மொத்தமா பணம் கட்டிட்டேன், மாசாமாசம் கட்டுறத விட பாதி தான் ஆகும்னு சொன்னாங்க, எனக்கும் பணம் கட்டிட்டா போயித்தானே ஆகணும்னு ஒரு நெனப்பு. 19 நாள் போனேன். டிரெட்மில்லுல ஏறி நின்னா கண்ணு எதுத்தாப்புல இருக்குற கடிகாரத்துல தான் இருக்கும், பத்து நிமிஷம் ஆயிருக்கும்னு நெனச்சு பாத்தா நாலு நிமிஷம் தான் ஆயிருக்கும். இருபதாவது நாள் காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் போகல. எனக்கு மன உறுதி பத்தாது, அதான் இப்படின்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். ஆனா அதே நான் தான் இப்ப ரெண்டு வருஷமா வாரத்துல மூணு ராத்திரி, பாட்டுக்கு கை தட்டி ஆடுற எங்க கொங்கு பக்கத்து வள்ளி கும்மி ஆடுறேன், ரெண்டு காலைல வாலாங்குளத்துக் கரையில நடக்குறேன், யாரும் தொரத்தி விடல. மன உறுதி அன்னைக்கு இருந்த அளவு தான் இன்னைக்கும் இருக்கு. எனக்கு ஒத்து வர்றதா பாத்து எடுத்தேன், அவ்வளவு தான் வித்தியாசம்.

அதனால தான் இத எழுதுறேன். எது பண்ணுனா சீக்கிரம் எடை குறையும்னு ஆரம்பிச்சு அப்புறம் அத பழகிக்கலாம்னு நெனைக்கறது தான் நம்மள்ல முக்கால்வாசி பேரு பண்ற தப்பு. எந்த உடற்பயிற்சியா இருந்தாலும் மூணாவது வாரம் விட்டுட்டா அதோட பலன் எதுவும் நமக்கு இல்ல. சுமாரானதா இருந்தாலும் பரவால்ல, நாலு வருஷம் பண்ண முடியுமான்னு தான் பாக்கணும்.

எவ்வளவு பண்ணணும்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

ரொம்ப பேரு தேவைக்கு மேல பெருசா நெனச்சு பயந்துட்டு ஆரம்பிக்கறதே இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட கணக்குப்படி பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல உடம்பு அசைஞ்சா போதும், இல்லன்னா நல்லா மூச்சு வாங்குற வேகத்துல 75-ல இருந்து 150 நிமிஷம், அதோட வாரத்துல ரெண்டு நாளாச்சும் தசைக்கு வேலை குடுக்குற பயிற்சி. 150 நிமிஷத்த அஞ்சு நாளைக்கு பிரிச்சா நாளைக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் ஒரே மூச்சுல இருக்கணும்னு இல்ல. முன்னாடி ஒரு தடவைக்கு 10 நிமிஷமாச்சும் பண்ணுனா தான் கணக்குல சேரும்னு ஒரு விதி இருந்துச்சு, அத 2020-ல எடுத்துட்டாங்க, அப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வேகமா நடக்குற ஆறு நிமிஷமும் கணக்கு தான்.

இந்த 10,000 அடி விஷயமும் அப்படித்தான். என் கூட வேலை பாக்குற பொண்ணு ஒன்னு நாளைக்கு 6,000 அடி தாண்ட முடியலன்னு மனசு விட்டு நடக்கறதையே நிறுத்திட்டா. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்சு அடுத்த வருஷம் ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற சின்ன கருவி ஒன்ன விக்க ஆரம்பிச்சுது, அதுக்கு மான்போ-கெய்னு பேரு, பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விக்கிறதுக்காக வெச்ச பேர்ல இருந்து பரவுன எண்ணு அது, மருத்துவர் யாரும் எழுதிக் குடுத்த அளவு கிடையாது. அவ 6,000 அடியும் அவ உடம்புக்கு நல்லது தான் பண்ணிட்டு இருந்துச்சு.

பத்து வயசுல என்ன பண்ணிட்டு இருந்தீங்க

இத நெசமாவே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. சின்ன வயசுல அம்மா சாப்பிட கூப்புட்டும் வீட்டுக்குள்ள வராம எத விளையாண்டுட்டு இருந்தீங்க? பாண்டி, நொண்டி, கோகோ, கில்லி, ஸ்கிப்பிங், கெணத்து நீச்சல், வாடகை சைக்கிள், மரம் ஏறுறது, ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸ், எதுவா இருந்தாலும் எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல, அதுல உங்களுக்கு என்ன புடிச்சுச்சுன்னு ஒரு வரி. இந்த ரெண்டாவது வரி தான் முக்கியம், ஏன்னா 43 வயசுல கோகோ டீம் கெடைக்காது, ஆனா கோகோல புடிச்ச விஷயம் வேற எங்கயாவது கெடைக்கும்.

நான் எழுதுனப்ப ஸ்கிப்பிங்கும் ஆண்டு விழா கோலாட்டமும் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா ரெண்டுலயும் தாளம் இருக்கு, ரெண்டுமே பத்து புள்ளைங்களோட சேந்து பண்ணுனது, ரெண்டுலயும் ஜெயிக்கிறது தோக்கறது பெருசா இல்ல. ஜிம்ல இது மூணுல ஒன்னும் இல்ல. தனியா நிக்கணும், தாளத்துக்கு பதிலா யாரோ போட்ட பாட்டு அது பாட்டுக்கு ஓடும். அப்ப எனக்கு ஏன் புடிக்கலன்னு அந்த பேப்பர பாத்ததும் புரிஞ்சுது.

எங்க வீட்டுக்காரர் அதுக்கு நேர் எதிர். அவருக்கு பாயிண்ட் எண்ணணும், யாரையாவது ஜெயிக்கணும், காலைல அஞ்சரை மணிக்கு ஷட்டில் கோர்ட்டுக்கு போறாரு, கோர்ட் வாடகைய நாலு பேரும் பங்கு போட்டுக்கறாங்க. ஒருத்தர் வரலன்னா டபுள்ஸ் ஆட முடியாது, அதனால அஞ்சு இருவதுக்கே போன் அடிக்க ஆரம்பிச்சுரும். என் கொழுந்தனுக்கு மனுஷங்களே வேண்டாம், நாள் பூரா கடையில பேசிப் பேசி வாய் வலிக்குதுன்னு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சைக்கிள எடுத்துட்டு ஆனைகட்டி ரோட்டுல தனியா போயிட்டு வர்றான். மூணு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க தான், ஆனா ஒருத்தருக்கு ஒத்து வர்றது இன்னொருத்தருக்கு ஒத்து வராது, அதனால ஃப்ரெண்டுக்கு நடந்துச்சுன்னு நீங்களும் அதே எடத்துல போயி பணம் கட்டாதீங்க.

ரெண்டு வாரம் சும்மா போயி பாருங்க

பேப்பர்ல இருந்து மூணு விஷயத்த எடுத்துக்கங்க. ஒவ்வொன்னுக்கும் ரெண்டு வாரம், குறைஞ்சது நாலு தடவை. ஒரு தடவை போயிட்டு புடிக்கலன்னு முடிவு பண்ணக்கூடாது, முதல் நாள் எல்லாமே கூச்சமா தான் இருக்கும், எங்க செருப்பு விடுறது, எங்க நிக்கிறதுன்னே தெரியாது. நாலாவது தடவை போறப்ப தான் உடம்பு என்ன சொல்லுதுன்னு கேக்கும்.

இந்த நேரத்துல வருஷத்துக்கு, ஆறு மாசத்துக்குன்னு பணம் கட்டவே கட்டாதீங்க. எந்த கிளாஸா இருந்தாலும் ஒரு நாள் வந்து பாக்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் விடுவாங்க, விடலன்னா ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. புது ஷூ, புது ராக்கெட், புது மேட் எதுவும் இப்ப வேண்டாம், நடக்கறதுக்கும் ஓடறதுக்கும் மட்டும் பாதத்த கடிக்காத ஷூ ஒன்னு இருக்கணும்.

ஒவ்வொரு தடவை முடிச்சதும் ஒரு வரி எழுதுங்க. எடை எழுதாதீங்க, அது ரெண்டு வாரத்துல ஒன்னும் சொல்லாது, மனச தான் ஒடைக்கும். நான் மூணே மூணு கேள்விக்கு தான் பதில் எழுதுவேன். செய்யும்போது கடிகாரத்த எத்தன தடவை பாத்தேன், முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருக்கு, நாளைக்கு மறுபடியும் போகணும்னா போவேனா. என் பழைய டைரில இருந்து அப்படியே தர்றேன்: "செவ்வாய், ரேஸ்கோர்ஸ் நடை, ஒரு சுத்து. கடிகாரம் மூணு தடவை. நல்லா தூக்கம் வந்துச்சு. போவேன், ஆனா தனியா வேண்டாம்." இன்னொன்னு, "சனி, வீடியோ பாத்து வீட்டுல ஏரோபிக்ஸ். நடுவுல ரெண்டு தடவை அடுப்ப பாக்க போயிட்டேன். போகமாட்டேன்." ரெண்டாவது வரிலயே பதில் இருக்கு பாருங்க, வீட்டுல நான் இருந்தா வேலை கண்ணுக்கு தெரியும், அதனால எனக்கு வீட்டுக்கு வெளிய தான் நடக்கும். அதே வீடியோ சின்ன கொழந்தை வெச்சிருக்குற என் தங்கச்சிக்கு வரப்பிரசாதம்.

மூச்சு

புடிச்ச விஷயத்தையே வெறுக்க வைக்கணும்னா சுலபமான வழி ஒன்னு இருக்கு, முதல் வாரத்துலயே முழு பலத்தையும் போடுறது. உடற்பயிற்சி செய்யும்போது மனசு எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றது இது தான், மூச்சு ரொம்ப இறைக்க ஆரம்பிக்குற ஒரு எல்லை இருக்கு, அத தாண்டுனதும் பெரும்பாலானவங்களுக்கு சுகம் குறைஞ்சு வேதனை ஏறுது. எல்லை ஆளுக்கு ஆள் மாறும். ரொம்ப நாள் உக்காந்தே இருந்தவங்களுக்கு அது ரொம்ப சீக்கிரம் வந்துரும், ஒரு மாடி ஏறுனாலே வந்துரும், அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

கண்டுபிடிக்க கருவி வேண்டாம். பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது, அது தான் மிதமான வேகம். ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியலன்னா அது கடுமையான வேகம். முதல் மாசம் பேசுற வேகத்துலயே இருங்க. ஓடணும்னு ஆசை இருக்குறவங்க ஒரு நிமிஷம் மெதுவா ஓடி ரெண்டு நிமிஷம் நடங்க, அப்படியே இருபது நிமிஷம், வாரம் போகப் போக ஓடுற நேரத்த கொஞ்சமா கூட்டுங்க. கடுமையானது எதாச்சும் இருந்தா முதல் பாதில வெச்சுட்டு கடைசி பத்து நிமிஷத்த லேசா விடுங்க, ஏன்னா கடைசில எப்படி இருந்துச்சோ அது தான் மனசுல நிக்கும், அடுத்த நாள் போறப்ப அது தான் ஞாபகம் வரும். இன்னும் கொஞ்ச நேரம் பண்ணலாமேன்னு தோணும்போதே முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க, அந்த மிச்சம் தான் மறுநாள் கூப்புடும்.

நான் கும்மிக்கு போன கதை

எங்க ஏரியா மாரியம்மன் கோயில் மைதானத்துல ராத்திரி ஏழரை மணிக்கு வள்ளி கும்மி கிளாஸ் நடந்துட்டு இருந்துச்சு. நான் வேலை முடிஞ்சு அந்த வழியா தான் ஸ்கூட்டர்ல வருவேன், பாட்டு கேக்கும், நின்னு பாக்க மாட்டேன். ஒரு நாள் எதுத்த வீட்டு அக்கா கேட்டாங்க, "ஏன் அம்மணி, டிவி முன்னாடி உக்காந்துட்டு இருக்குறதுக்கு இங்க வந்து நாலு அடி போட்டா ஆகாதா?" அவங்களுக்கு வயசு 61, மூட்டு தேய்மானம் இருக்கு, அவங்களே ஆடுறப்ப நமக்கு என்னன்னு போனேன்.

மைதானத்துல தண்ணி தெளிச்சு மண்ண அடக்கி வெச்சிருந்தாங்க. ரெண்டு ட்யூப்லைட் வெளிச்சம், வரிசையா ஒரு நூறு பேரு இருப்பாங்க, பத்து வயசு பொண்ணுல இருந்து பாட்டி வரைக்கும், ஓரத்துல ஆம்பளைங்க ஒரு வரிசை. செருப்ப ஓரமா விட்டுட்டு கடைசி வரிசைல நின்னேன். வாத்தியார் மைக்க புடிச்சு முருகன் வள்ளிய பாக்க தினைப்புனத்துக்கு வர்ற எடத்த பாட ஆரம்பிச்சாரு, எல்லாரும் ஒன்னா குனிஞ்சு கை தட்டி நிமிந்து திரும்புனாங்க. நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணு, எட்டாவது படிக்கிறவளாம், என் முழங்கைய லேசா புடிச்சு திருப்பி விட்டுட்டு அவ பாட்டுக்கு ஆடிட்டே இருந்தா. மூணாவது பாட்டுல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் காலும் அந்த நூறு பேரோட காலும் ஒரே நேரத்துல தரைல விழுந்துச்சு. அந்த சத்தம் பாதம் வழியா ஏறி நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்கு வந்து மணி பாத்தா ஒம்பதேகால். நடுவுல ஒரு தடவை கூட மணி பாக்கல, டைரில அன்னைக்கு அது ஒன்ன தான் எழுதுனேன்.

அதுல மூச்சு அளவு கூட தானா அமையுது. மெதுவா ஆடுறப்ப நாங்களும் கூட பாடுவோம், தாளம் வேகம் எடுத்ததும் எங்க பாட்டு நின்னு போயிரும், வாத்தியார் மட்டும் பாடுவாரு, அப்புறம் மறுபடி மெதுவாகும். நாப்பது நாள் பழகி அரங்கேற்றம் முடிச்சோம், எல்லாரும் ஒரே கலர் சேலை, காலுல சலங்கை. அதோட நிறுத்தாம எங்க குழு வாரம் மூணு நாள் கூடுது. முன்னாடி இது ஆம்பளைங்க மட்டும் ஆடுற ஆட்டமா இருந்துச்சு, அதுல பொம்பளைங்களையும் சேத்து கத்துக் குடுத்தவர்னு பேரு வாங்குன மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க, அப்ப அவருக்கு வயசு 87. அந்த வயசு வரைக்கும் ஒரு மனுஷன் கால் தாளத்துல நின்னுருக்குன்னா அது மருந்து மாதிரி முழுங்குனதா இருக்காது, உள்ள இருந்து வந்த ஆசையா தான் இருக்கும்.

வேற என்னெல்லாம் இருக்கு

கூட்டம் புடிச்சவங்களுக்கு கும்மி, ஒயிலாட்டம், ஜும்பா, எதுவா இருந்தாலும் சரி. கையில எதாச்சும் சுத்தணும், கவனம் முழுக்க அதுலயே இருக்கணும்னு நெனைக்கறவங்க சிலம்பம் பாருங்க, கம்பு உங்க நெத்தி உயரத்துக்கு இருந்தா போதும், பெரியவங்கள சேத்துக்குற ஆசான்கள் நெறைய பேரு இருக்காங்க, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பத்த டெமோ விளையாட்டா சேத்ததுக்கு அப்புறம் பசங்களோட அம்மாக்களும் சேர ஆரம்பிச்சத நானே எங்க ஏரியால பாக்குறேன். முட்டி வலி, ஒடம்பு கனம் அதிகம்னு இருக்குறவங்களுக்கு நீச்சல் மாதிரி ஒன்னு கெடையாது, தண்ணி பாதி பாரத்த தாங்கிக்கும், நீச்சல் தெரியலன்னா இடுப்பளவு தண்ணில நடந்தாலே நல்ல வேலை.

அமைதியா, தன் உடம்ப தானே கவனிச்சுட்டு பண்ணணும்னா யோகா. பொள்ளாச்சி பக்கம் பொறந்த நானம்மாள் பாட்டி 2018-ல பத்மஸ்ரீ வாங்கி, 2019-ல 99 வயசுல இறந்தாங்க, தொண்ணூறு தாண்டியும் ஆசனம் போட்டு சொல்லிக் குடுத்தவங்க. வீடியோ பாத்து கத்துக்கறத விட முதல் ரெண்டு மாசம் நேர்ல ஒருத்தர்கிட்ட கத்துக்கங்க, முதுகு வளைக்கிற ஆசனத்த தப்பா பண்ணுனா வலி வந்து அதுவே நிறுத்த காரணம் ஆயிரும்.

ஒரு இலக்கு இருந்தா தான் கால் நகரும்னு சில பேரு இருக்காங்க. அவங்களுக்கு மருதமலை படி, எண்ணூறுக்கு மேல இருக்கு, மாசம் ஒரு தடவை ஏறுனா முன்னேத்தம் நல்லா தெரியும், ஏறுறத விட எறங்குறப்ப தான் முட்டிக்கு அடி, அதனால எறங்குறது பஸ்ல வெச்சுக்கங்க. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறணும்னு ஆசைப்பட்டு மூணு மாசம் முன்னாடியே நடக்க ஆரம்பிக்குறவங்கள எனக்கு தெரியும், நல்ல விஷயம் அது. ஆனா பயிற்சி இல்லாம நேரா போயி ஏறாதீங்க, மூச்சுத் திணறி இறந்தவங்க செய்தி சீசன்ல வந்துட்டே இருக்கு.

நடக்கறது தான் புடிக்குதுன்னா தாராளமா நடங்க, அது கொறஞ்சது ஒன்னும் இல்ல. எடத்த மட்டும் பாத்து எடுங்க. எங்க ஊர்ல ரேஸ்கோர்ஸ், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், மதுரைக்காரங்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும், சென்னைல மெரினா, பெசன்ட் நகர் பீச், அண்ணா நகர் டவர் பார்க். 2023 நவம்பர்ல இருந்து மாவட்டத்துக்கு ஒன்னுன்னு 8 கிலோமீட்டர் நடைபாதைய தமிழ்நாடு அரசு ஹெல்த் வாக்னு ஒதுக்கியிருக்கு, உங்க ஊர்ல எதுன்னு கேட்டு ஒரு தடவை நடந்து பாருங்க.

ஜிம்ம நான் குறை சொல்லல. இரும்பு தூக்குறதுல, போன வாரத்த விட ரெண்டு கிலோ கூட தூக்குனேன்னு எண்ணுறதுல உயிரா இருக்குறவங்கள பாத்துருக்கேன், அவங்களுக்கு அது தான் கும்மி.

புடிச்சதையே விட வைக்குற சின்ன விஷயங்கள்

இத பெருசா யாரும் எழுதறது இல்ல, ஆனா பாதி பேரு நிக்கிறது இங்க தான். தூரம் முதல்ல, வீட்டுல இருந்தோ ஆபீஸ்ல இருந்தோ பத்து நிமிஷத்துக்கு மேல ஆகுற எடம்னா மழை நாள்ல, தலைவலி நாள்ல போகமாட்டோம். பொம்பளைங்களுக்கு பாத்ரூம் இருக்கான்னு பாத்துக்கங்க, தெருவெளக்கு எரியுதான்னு பாத்துக்கங்க, விடியக்காலைல நாய்த் தொல்லை இருக்குற தெருன்னா ரெண்டு பேரா போங்க. துணி ரொம்ப முக்கியம். நான் சுடிதார்ல துப்பட்டாவ இழுத்து இழுத்து விட்டுட்டே நடந்துட்டு இருந்தேன், ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் லூசான காட்டன் டாப்பும் வாங்குனதுக்கு அப்புறம் தான் நடக்கறப்ப நடை மட்டும் மனசுல இருந்துச்சு. மாதவிடாய் நாள்ல முடிஞ்சா லேசா நடங்க, முடியலன்னா படுத்துக்கங்க, அத லீவா எழுதிக்கங்க, விட்டதா எழுதாதீங்க.

யாராச்சும் பாப்பாங்கன்னு கூச்சம் இருக்குறவங்க வெளிச்சம் குறைஞ்ச நேரத்துல, கடைசி வரிசைல, கண்ணாடி இல்லாத எடத்துல ஆரம்பிங்க. கண்ணாடி பாத்தா எனக்கு வயிறு மட்டும் தான் தெரியும், மைதானத்துல முன்னாடி ஆடுறவங்க முதுகு தெரியும், எனக்கு அது போதும்.

நேரத்த பத்தி ஒரு வார்த்தை. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறது தான் உசத்தின்னு ஒரு பேச்சு இருக்கு. ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டி, புள்ளைய ஸ்கூல் பஸ் ஏத்தி விடுற வீட்டுல அது நடக்காது. ராத்திரி ஏழரை தான் எனக்கு ஓடியாடி முடிச்சு கை சும்மா இருக்குற நேரம், அதனால ராத்திரி ஏழரை. அந்த மூணு நாள் வீட்டுல ராத்திரிக்கு மத்தியான சாப்பாட்ட சூடு பண்ணிக்கறது, இல்லன்னா வீட்டுக்காரர் தோசை ஊத்துவாரு. இத வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணணும், நம்மளே எல்லாத்தையும் முடிச்சுட்டு மிச்ச நேரத்துல போகலாம்னா அந்த மிச்சம் வரவே வராது.

புடிக்காததையும் கொஞ்சம் சேக்கணும்

தசைக்கு வேலைன்னு ரெண்டு நாள் சொன்னேன் இல்லைங்களா, அது எனக்கு இன்னும் புடிக்கல, ஆனா நாப்பது தாண்டுனா தசை தானா கொறையுது, விட முடியாது. அதனால புடிச்ச ஒன்னோட சேத்து கட்டிட்டேன். வியாழக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ஒரு தொடர்கதை ஆடியோவா கேப்பேன், பயிற்சி பண்றப்ப மட்டும் தான் கேப்பேன், மத்த நேரம் போட மாட்டேன், கதைல அடுத்து என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கவே எந்திரிச்சு நிப்பேன். சேர்ல உக்காந்து கை ஊனாம எந்திரிக்கிறது பத்து, செவுத்துல கை வெச்சு தள்ளுறது பத்து, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு கைலயும் தூக்குறது பத்து, பிள்ளையாருக்கு போடுற தோப்புக்கரணம் பத்து, இது எல்லாத்தையும் ரெண்டு சுத்து. இருபது நிமிஷம் தான்.

எத்தன நாள்ல பழகும்

21 நாள்ல பழக்கம் வந்துரும்னு சொல்றத நம்பி இருபத்தி ரெண்டாவது நாளும் கஷ்டமா இருக்கேன்னு விட்டுறாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வெச்சு பண்ண ஆராய்ச்சி 2010-ல அச்சாச்சு, ஒரு விஷயம் யோசிக்காம தானா நடக்குற அளவுக்கு வர நடுக்கணக்கா 66 நாள் ஆச்சுன்னு வந்துச்சு, ஆளப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு போச்சு, தண்ணி குடிக்கிற மாதிரி பழக்கத்த விட உடற்பயிற்சிக்கு நாள் கூட. அதுலயே இன்னொன்னும் தெரிஞ்சுது, நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெட்டுப் போகல. எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா நான் ஒரு நாள் விட்டா அவ்வளவு தான் போச்சுன்னு மொத்தமா விடுற ஆளு.

ஐப்பசி மழை வரும், கல்யாண சீசன் வரும், ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வருவாங்க, மாசக் கடைசி கணக்கு வரும். அந்த நாளுக்குன்னு ஒரு சின்னது வெச்சுக்கங்க, நான் வீட்டு ஹால்ல பத்து நிமிஷம் கும்மி அடி போடுவேன், பாட்ட நானே முணுமுணுப்பேன். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு புடிச்சதே சலிச்சுப் போனா பயப்படாதீங்க, பழைய பேப்பர எடுத்து அடுத்ததுக்கு ரெண்டு வாரம் போங்க. மாத்துறது விடுறது ஆகாது.

உடம்ப பாத்துக்கங்க

இத மட்டும் தள்ளிட்டு போகாதீங்க. நெஞ்சுல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ இழுக்குற வலி, தலை சுத்தல், வழக்கத்துக்கு மீறுன மூச்சுத் திணறல் வந்தா அப்படியே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, வாயுவா இருக்கும்னு சோடா குடிச்சுட்டு உக்காராதீங்க. பிபி, இதய நோய், கர்ப்பம், சமீபத்துல ஆபரேஷன்னா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க. இன்சுலின் போடுறவங்களுக்கும் சில சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் ஆடி முடிச்சதும் சுகர் சட்டுனு எறங்கலாம், பர்ஸ்ல நாலு குளுக்கோஸ் மிட்டாய் இல்ல சக்கரை வெச்சுக்கங்க. கும்மி, சிலம்பம் மாதிரி வெறுங்கால்ல பண்றதுக்கு முன்னாடி பாதத்துல உணர்ச்சி இருக்கான்னு பாத்துக்கங்க, மரத்துப் போன பாதம்னா கல்லு குத்துனது கூட தெரியாது, வாத்தியார்கிட்ட சொல்லி மெல்லிசா ஷூ போட்டுக்கங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஷட்டில், ஓட்டம் ஆடுறவங்க அஞ்சு நிமிஷம் உடம்ப சூடு பண்ணாம எறங்காதீங்க, நாப்பதுக்கு மேல குதிகால் நரம்பு ஒரு தடவை இழுத்துச்சுன்னா மாசக்கணக்குல உக்கார வெச்சுரும்.

இன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிக்கணும்னா அந்த பேப்பர எடுத்து பத்து வயசு விளையாட்டு மூணு எழுதுங்க, பக்கத்துல ஏன் புடிச்சுச்சுன்னு எழுதுங்க, அதுல ஒன்னுக்காச்சும் பக்கத்துல எங்க நடக்குதுன்னு ஒருத்தர்கிட்ட கேளுங்க. கும்மின்னா ராத்திரி நேரம் எந்த கோயில் மைதானத்துல பாட்டு கேக்குதோ அங்க போங்க. ராத்திரி சாப்பாட்ட வந்து சாப்பிட்டுக்கலாம், போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும், தண்ணி பாட்டிலும் ஒரு துண்டும் எடுத்துக்கங்க, முதல் நாள் கடைசி வரிசைல நில்லுங்க, பக்கத்துல ஆடுறவங்க திருப்பி விடுவாங்க.